தூரிகையிலிருந்து தகட்டுக்கு: பதிப்போவியம் ஓர் அறிமுகம்

தூரிகையால் தீட்டும் ஓவியருக்கு இட்ட வண்ணம் இட்ட கணமே கண்ணில் படுகிறது. அது பிடிக்காவிட்டால், மேலே இன்னொரு பூச்சிட்டு மறைத்துவிடவும் முடிகிறது. உலோகத் தகட்டிலோ மரப்பலகையிலோ கல்லிலோ உருவத்தை அமைத்து, மை ஏற்றி, தாளில் ஒற்றியெடுக்கும் பதிப்போவியத்தில் இவ்விரு வசதிகளும் பெரும்பாலும் கிட்டுவதில்லை. கைக்கும் தாளுக்கும் நடுவே தகடும் அமிலமும் அழுத்தப்பொறியும் வந்து நிற்பதால், ஓவியம் பழகியவர் இக்கலைக்கு வரும்போது பழைய பழக்கங்கள் பலவற்றைக் கைவிட நேர்கிறது.

முதல் தடை இடவல மாற்றம். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கி நிற்பவருக்குக் கடல் வலப்பக்கமும் கட்டடங்கள் இடப்பக்கமும் இருக்கின்றன. அக்காட்சியைக் கண்டபடியே தகட்டில் வரைந்தால், அச்சில் கடல் இடப்பக்கம் போய், ஊரே மேற்குக் கரைக்குப் பெயர்ந்துவிட்டதுபோல் தோன்றும். ஆகவே வரைவைத் திருப்பிப் போட்டே தகட்டுக்கு மாற்ற வேண்டும். தகட்டில் பெயர் பொறிப்பதானால் அதையும் வலமிருந்து இடமாகத் திருப்பி எழுத வேண்டும்.

பதிப்போவிய முறைகளுள் கோட்டோவியத்துக்கு நெருக்கமானது எட்சிங் எனப்படும் அமிலச் செதுக்கு. செம்புத் தகட்டில் மெழுகும் பிசினும் கலந்த காப்புப் பூச்சைப் பூசி, ஊசியால் கீறினால், கீறிய இடத்தில் மட்டும் உலோகம் வெளிப்படும். பின்னர் பெரிக் குளோரைடு போன்ற அரிக்கும் கரைசலில் தகட்டை இட்டால், அக்கோடுகள் பள்ளமாகும். பென்சிலில் கையின் அழுத்தம் செய்யும் வேலையை இங்கே கரைசலில் கழியும் நேரம் செய்கிறது: நெடுநேரம் அரிக்கப்பட்ட கோடு ஆழமாகி, மிகுந்த மையை ஏற்றுக் கருமையாகப் பதியும். வெப்பம் கூடினால் அரிப்பும் விரைவதால், கோடைக்குரிய நேரக் கணக்கு மழைக்காலத்துக்குப் பொருந்தாது. பள்ளங்களில் மையைத் திணித்து, மேற்பரப்பை விறைப்பான வலைத்துணியால் துடைத்து, ஈரத்தாளை விரித்துக் கம்பளித் துணியால் மூடி, இரு உருளைகளுக்கிடையே செலுத்தும்போது, தாள் பள்ளத்துள் இறங்கி மையைக் கவ்விக்கொள்கிறது.

இத்தகைய அழுத்தத்தை நனைந்த நிலையில் தாங்கும் தாளுக்குப் பருத்தி இழை ஏற்றது. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தைச் சார்ந்து 1959-இல் தொடங்கப்பட்ட கைக்காகித ஆலை, பருத்தித் துணி வெட்டுகளைக் கூழாக்கித் தாள் செய்வது. பருத்தியின் நீண்ட இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால், மலிவான மரக்கூழ்த் தாள் கிழியும் இடத்திலும் பருத்தித் தாள் வளைந்து கொடுக்கிறது. எனினும் எந்தத் தாளும் நனைந்தால் விரிந்து, உலர்ந்தால் சுருங்கும். கடற்காற்றின் ஈரம் படிந்த ஊரில் நனைத்து அடுக்கிய தாளை நெடுநாள் விட்டுவைத்தால் பூஞ்சையும் பிடிக்கும்.

தாளின் இவ்வியல்பு வண்ண அச்சில் பெருஞ்சிக்கலாகிறது. வழக்கப்படி நிறத்துக்கொரு தகடு செய்து ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும்போது, தாள் சற்றே சுருங்கினாலும் நிறங்கள் விலகிவிடும். ஸ்டான்லி வில்லியம் ஹெய்டர் 1927-இல் பாரிசில் நிறுவிய அட்டெலியே 17 என்னும் பட்டறையில் இதற்கு ஒரு மாற்றுவழி உருவாயிற்று. அதை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர், 1925-இல் சித்தூர்ப் பகுதியில் பிறந்து, சாந்திநிகேதனில் பயின்று, சென்னைக் கலாக்ஷேத்ராவில் கற்பித்த கிருஷ்ண ரெட்டி. மும்பையைச் சேர்ந்த கைக்கோ மோத்தியும் அம்முயற்சியில் பங்கேற்றார். ஒரே தகட்டைப் பல ஆழங்களில் செதுக்கி, எண்ணெய் மிகுந்த இளகிய மையைக் கடின உருளையால் மேடுகளில் மட்டும் ஏற்றியபின், கெட்டியான மையை மென்மையான உருளையால் உருட்டினால், அது பள்ளங்களை எட்டிப் படியும், இளகிய மை படிந்த மேடுகளிலோ ஒட்டாது. இதனால் பல நிறங்களை ஒரே அழுத்தத்தில் பதிக்க முடிந்தது. ரெட்டி அடிப்படையில் ஒரு சிற்பி என்பது இங்கே கருதத்தக்கது. நிறத்தை ஆழமாகக் கணக்கிடும் பார்வை சிற்பிக்கு இயல்பானது, ஓவியர் அதைப் பயின்றே பெற வேண்டும்.

தகடு முடிந்தபின்னும் வேலை முடிவதில்லை. 3/20 என்று பென்சிலால் குறித்தால், இருபது பிரதிகளுள் அது மூன்றாவது என்பது பொருள். அவ்விருபதும் ஒத்திருக்க, இருபது முறையும் தகட்டை ஒரே அளவில் துடைக்க வேண்டும். ஒரே படத்தை இருமுறை தீட்டிப் பழகாத ஓவியரின் கைக்கு இந்த ஒழுங்கு நெடுநாள் கழித்தே வசப்படுகிறது.