பிள்ளை 'வேண்டாம்' என்றால்?

அங்கன்வாடிக்கோ பள்ளிக்கோ ஓர் ஆராய்ச்சிக் குழு வருகிறது. படம் காட்டிக் கேள்வி கேட்பார்கள், உயரம் எடை பார்ப்பார்கள், சில ஆய்வுகளில் ரத்தமும் எடுப்பார்கள். பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அது போதாது. பெற்றோர் தருவது அனுமதி மட்டுமே. பிள்ளையையும் தனியாகக் கேட்க வேண்டும்.

கையெழுத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் வில்லோபுரூக் சாட்சி. நியூயார்க்கில் இருந்த அந்த விடுதியில் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு 1950-களில் தொடங்கி வேண்டுமென்றே மஞ்சள் காமாலைக் கிருமியைக் கொடுத்து ஆராய்ந்தார்கள். பெற்றோரின் கையெழுத்து அங்கேயும் இருந்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, 12 வயது முதல் பிள்ளையின் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும். 7 முதல் 11 வயது வரை பெற்றோர் முன்னிலையில் வாய்மொழியாகச் சொன்னால் போதும். ஏழுக்குக் கீழே அதைப் பதிவு செய்யத் தேவையில்லை. பதிவு தேவையில்லை என்பதைக் கேட்கவே தேவையில்லை என்று எடுத்துக்கொள்வதில்தான் கோளாறு.

நாலு வயதுப் பிள்ளைக்கு ஆராய்ச்சி என்றால் புரியாது. ஆனால் முன்பின் தெரியாத இந்த அக்காவோடு இப்போது உட்காரப் பிடிக்கிறதா இல்லையா என்பது நன்றாகவே தெரியும். அதை அது வாயால் சொல்லாது. பட அட்டையைத் தள்ளிவிடும், அம்மாவின் முந்தானைக்குள் முகம் புதைக்கும், திடீரென்று ஒண்ணுக்கு வருகிறது என்னும். இன்னொரு வகைப் பிள்ளை கேட்டதற்கெல்லாம் தலையாட்டும். சீக்கிரம் விட்டால் போதும் என்ற தலையாட்டல் அது. அப்படிக் கிடைக்கும் பதிலால் ஆய்வுக்கும் பயனில்லை.

பக்கத்தில் நிற்கும் பெரியவர்கள் நாம் என்ன செய்கிறோம்? "நல்ல புள்ளைல்ல, மிஸ்ஸுக்குச் சொல்லு கண்ணு" என்கிறோம். சொன்ன பேச்சைக் கேட்பதே நல்ல பிள்ளைக்கு அடையாளம் என்று வளர்க்கும் ஊரில், எதிர்த்துப் பேசாததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. அமெரிக்காவின் 1983-ஆம் ஆண்டு விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன: மறுக்காமல் இருப்பது மட்டும் சம்மதம் ஆகாது.

பொறுப்பான ஆய்வாளர் தரையில் பிள்ளையோடு சமமாக உட்காருவார். ரெக்கார்டரைக் கையில் கொடுத்து அமுக்கிப் பார்க்கச் சொல்வார். "போதும்னா இந்தச் சிவப்பு அட்டையைக் காட்டு, நிறுத்திடுறேன்" என்பார். காட்டியதும் உண்மையிலேயே நிறுத்துவார். மறுநாள் வந்தால் மறுபடியும் கேட்பார். பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டி ஆசை மூட்டமாட்டார். பாதியில் எழுந்து போன பிள்ளைக்கும் அதைக் கொடுத்தனுப்புவார்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கடும் நோயில் கிடக்கும் குழந்தைக்கு அந்த ஆய்வின் வழியாக மட்டுமே கிடைக்கக்கூடிய சிகிச்சை என்றால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு பெற்றோர் முடிவெடுக்கலாம். படம் பார்த்துப் பதில் சொல்லும் ஆய்வுக்கெல்லாம் இந்தச் சலுகை கிடையாது.

அடுத்த முறை படிவத்தை நீட்டினால், பேனாவை எடுக்கும் முன் ஒன்று கேளுங்கள்: "என் பிள்ளை பாதியில் வேண்டாம்னா என்ன செய்வீங்க?" "அதெல்லாம் நாங்க சமாளிச்சுக்குவோம்" என்று பதில் வந்தால், கையெழுத்துப் போடாதீர்கள்.