ஞாயிறு சர்ச்... சான்றிதழில் இந்து! ஞானஸ்நானம் எடுத்தவருக்கு எஸ்.சி. சலுகை கிடைக்குமா?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிற ஒருவர், திங்கட்கிழமை இ-சேவை மையத்தில் 'இந்து' என்று குறிப்பிட்டு எஸ்.சி. சான்றிதழ் கேட்கிறார். அது செல்லுமா? கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் பல குடும்பங்களின் படிப்பும் வேலையும் இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1950-ம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணைப்படி, இந்துக்கள் மட்டுமே எஸ்.சி. 1956-ல் சீக்கியர்களும், 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியேதான். பழங்குடியினருக்கு இந்த மதக் கட்டுப்பாடு கிடையாது.

தமிழ்நாட்டில் எஸ்.சி. பிரிவிலிருந்து கிறிஸ்தவரானவர்கள், எத்தனையாவது தலைமுறையாக இருந்தாலும், பி.சி. பட்டியலில் வருவார்கள். கொங்கு பகுதியில் அதிகம் வாழும் அருந்ததியர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மதம் மாறினால் 18 சதவீதத்துக்குள் உள்ள 3 சதவீத உள் ஒதுக்கீடு போய்விடும். வால்பாறை, அவிநாசி, தாராபுரம் போன்ற தனித் தொகுதிகளில் நிற்கவும் முடியாது.

சாதி மட்டும் அவ்வளவு சீக்கிரம் போய்விடுவதில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரிக்கும் சுவர் அதற்குச் சாட்சி.

நம்பிக்கையை கோர்ட் எப்படி அளக்கிறது?

சபையைப் பொறுத்தவரை விசுவாசம் என்பது வாயால் அறிக்கையிட வேண்டிய விஷயம். குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர்கூட, வளர்ந்ததும் சி.எஸ்.ஐ.யில் திடப்படுத்தல், கத்தோலிக்கத்தில் உறுதிபூசுதல் என்று தன் வாயாலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். தெரியாது என்று சொல்வது மறுதலிப்பு. பேதுரு மூன்று முறை செய்தது அதைத்தான். ஆனால் கோர்ட்டால் மனசைப் பார்க்க முடியாது. ரிஜிஸ்டரையும் நடத்தையையும்தான் பார்க்கும்.

2024 நவம்பர் 26-ல் வந்த தீர்ப்பு இதற்கு உதாரணம். புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண், அரசு வேலைக்காக எஸ்.சி. சான்றிதழ் கேட்டார். தந்தை இந்து, தாய் கிறிஸ்தவர். தனக்கு ஞானஸ்நானம் தரப்பட்டபோது கைக்குழந்தை, தான் இந்துதான் என்பது அவர் வாதம். நீதிபதிகள் பங்கஜ் மித்தல், ஆர்.மகாதேவன் அமர்வு அதை ஏற்கவில்லை. அவர் தொடர்ந்து கிறிஸ்தவ முறையைப் பின்பற்றுகிறார், சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்புக்கு எதிரான மோசடி என்றது. கடுமையான வார்த்தைதான். குழந்தைப் பருவத்து ஞானஸ்நானம் மட்டும் அல்ல, அதற்குப் பிந்தைய வாழ்க்கையும் கணக்கில் வந்தது.

திரும்பி வந்தால்?

வழி இருக்கிறது. கோலார் தங்கவயலில் ஆதிதிராவிடரான எஸ்.ராஜகோபால் 1949-ல் கிறிஸ்தவரானவர். தனித் தொகுதியில் 1967-ல் ஜெயித்தார். மீண்டும் இந்துவாகிவிட்டதாகச் சொன்னார். 'சாதிக்காரர்கள் உங்களை ஏற்றுக்கொண்டதற்கு ஆதாரம் எங்கே?' என்று கேட்ட உச்ச நீதிமன்றம், 1968-ல் வெற்றியை ரத்து செய்தது. அதே மனிதர் அதே தொகுதியில் 1972-ல் மறுபடி ஜெயித்தார், மறுபடி வழக்கு. இந்த முறை சமூகம் அவரை ஏற்றுக்கொண்டது நிரூபணமானது, பதவி தப்பியது.

2015-ல் இதையே மூன்று நிபந்தனைகளாக உச்ச நீதிமன்றம் வகுத்தது: குடும்பத்தின் பழைய சாதிக்கு ஆதாரம், தாய் மதம் திரும்பியதற்கு ஆதாரம், சமூகத்தின் ஏற்பு. அதாவது மனம் மாறினால் மட்டும் போதாது. ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும்!

மலைக்கு அந்தப் பக்கம்

உடுமலையிலிருந்து மறையூர் வழியாக மூணாறு ஏறினால் கேரளாவின் தேவிகுளம் தனித் தொகுதி. தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த பகுதி. 2021-ல் வென்ற சி.பி.எம். எம்.எல்.ஏ. ஏ.ராஜாவின் வெற்றியை, அவர் கிறிஸ்தவர் என்று 2023 மார்ச்சில் கேரள ஐகோர்ட் ரத்து செய்தது. திருமணப் போட்டோவில் இருந்த உடை வரை அலசப்பட்டது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்து அவரது வெற்றியை உறுதி செய்தது.

அடுத்து என்ன?

மதத்தையும் எஸ்.சி. அந்தஸ்தையும் பிரிக்க வேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007-லேயே பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் தமிழக சட்டமன்றமும் தலித் கிறிஸ்தவர்களுக்கு எஸ்.சி. அந்தஸ்து கேட்டு தீர்மானம் நிறைவேற்றியது. இந்தக் கோரிக்கையை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு 2022 அக்டோபரில் கமிஷன் அமைத்தது. 2 ஆண்டு கெடு கொடுத்தார்கள். பிறகு அதுவும் நீட்டிக்கப்பட்டது.