நுண்ணுயிர்க்கொல்லியும் நலிந்த குழந்தையின் குடலும்

வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர் காலத்தில், குருதியிற் புகுந்த நோய்க்கிருமியை அழிக்கவல்ல நுண்ணுயிர்க்கொல்லி உலகில் யாண்டும் இருந்ததில்லை. 1928ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தார். 1940களில் அது நோயாளர் கைக்கு எட்டியது. அதனைத் தொடர்ந்து வந்த மருந்துகளின் துணையாலேயே குறைமாதத்திற் பிறந்த மகவும், இருதயக் குறையுடன் பிறந்த மகவும், புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் சிறுவனும் தொற்றுநோய்க்குத் தப்பி வாழ்தல் கூடுகின்றது. இப்பெரு நன்மையை மறுப்பார் இலர். ஆயின் அம்மருந்து பகைவனையும் உறவினனையும் பிரித்தறியாது. அதனால் விளையும் இழப்பு யாது, அவ்விழப்பை ஈடுசெய்யும் வழி யாது என்பன ஈண்டு ஆராயப்படும்.

மனிதனுடைய குடலிற் கோடானுகோடி பற்றீரியங்கள் குடியிருக்கின்றன. அவற்றுட் பெரும்பாலன தீங்கு செய்வன அல்ல. பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த ஹென்றி திசியே என்பார் 1900ஆம் ஆண்டளவில், தாய்ப்பாலுண்ணும் குழந்தைகளின் மலத்திற் கிளைத்த வடிவுடைய ஒருவகைப் பற்றீரியம் மிக்கிருத்தலைக் கண்டார். பிபிடோபற்றீரியம் என இன்று வழங்கப்படுவது அதுவே. தாய்ப்பாலிற் குழந்தையாற் செரிக்க இயலாத சர்க்கரை வகைகள் நூற்றுக்கு மேல் உள. செரியாத பொருள் பாலில் இருப்பது எதற்கு என்னும் வினாவுக்கு விடை பின்னரே கிடைத்தது. அவை குழந்தையின் குடலில் வாழும் பற்றீரியங்களுக்கு உணவாகின்றன. அவற்றை உண்ட பற்றீரியங்கள் அமிலங்களைத் தோற்றுவிக்கின்றன. அமிலம் மிக்க குடலில் நோய்க்கிருமிகள் பெருகுதல் அரிதாகின்றது. ஆகவே தாய் தன் பாலால் மகவை ஊட்டுவதோடு, அதன் குடற் காவலரையும் ஊட்டுகின்றாள் எனலாம்.

நிறைமாதத்திற் சுகமாகப் பிறந்த குழந்தைக்குப் பிறப்பின்போதும், தாயின் தோலிலிருந்தும், பாலிலிருந்தும் இப்பற்றீரியங்கள் வந்து சேர்கின்றன. குறைமாதக் குழந்தையின் நிலை வேறு. அது பெரும்பாலும் தாயினின்றும் பிரிக்கப்பட்டு வெப்பப் பெட்டியில் வைக்கப்படுகின்றது, பால் தாமதமாகின்றது, முதல் நாளிலேயே நுண்ணுயிர்க்கொல்லி ஏற்றப்படுவதும் உண்டு. இவ்வாறு வெறுமையான குடலில் வைத்தியசாலையில் உலவும் கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் இடங்கொள்கின்றன. டில்லி நகரத்து மூன்று வைத்தியசாலைகளிற் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவிற் சேர்க்கப்பட்ட 13,530 சிசுக்களை ஆராய்ந்து 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, அவர்களுள் நூற்றுக்கு 14 பேர் வரையிற் குருதித்தொற்றுக்கு ஆளானமையைக் காட்டிற்று. அவர்களிடங் கண்ட கிளெப்சியெல்லாக்களிற் பாதிக்கு மேற்பட்டன பலவகை மருந்துகளுக்கும் அடங்காதனவாயிருந்தன. கொல்லி மருந்து மிகுதியாக வழங்கப்படும் இடத்திற் கொல்லப்படாத கிருமியே எஞ்சுகின்றது.

இழந்த பற்றீரியங்களை வெளியிலிருந்து ஊட்டி மீட்கலாகாதா? இவ்வெண்ணத்தின் மிகப் பெரிய சோதனைகளுள் ஒன்று இந்தியாவின் ஒடிசா மாநிலத்துக் கிராமங்களில் நடைபெற்றது. வைத்தியர் பினாகி பாணிக்கிரகியும் அவருடன் உழைத்தோரும் 4,556 சிசுக்களை இரு கூறாக்கினர். ஒரு கூற்றாருக்கு லக்ரோபசில்லசு பிளாண்டாரம் என்னும் பற்றீரியத்தின் ஒரு வகையும் அதற்கு உணவாகும் ஒரு சர்க்கரையும் 7 நாள்கள் ஊட்டப்பட்டன. மறுகூற்றாருக்குப் பற்றீரியமில்லாத போலி மருந்து கொடுக்கப்பட்டது. முதல் 60 நாள்களுள் குருதித்தொற்றோ மரணமோ எய்தியோர் பின்னவருள் நூற்றுக்கு 9 பேர்; முன்னவருள் 5.4 பேர். 2017ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு உலகோரை வியப்பித்தது. எனினும் ஒன்றை மறத்தலாகாது. அச்சிசுக்கள் 2,000 கிராமுக்குக் குறையாத எடையுடன் பிறந்து, தாய்ப்பால் உண்ணத் தொடங்கிய சுகமுள்ள சிசுக்களே. நலிந்த குழந்தைக்கும் அம்முடிவு பொருந்தும் என்று கொள்ளுதற்கு இடமில்லை.

இங்கிலாந்தில் மிகக் குறைமாதத்திற் பிறந்த 1,315 சிசுக்களிடம் பிபிடோபற்றீரியத்தின் ஒரு வகை சோதிக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, குருதித்தொற்றோ, குடற்சுவர் அழுகும் நோயோ, மரணமோ அதனாற் குறைந்தமைக்குச் சான்று இல்லை. அப்பற்றீரியம் ஊட்டப்படாத சிசுக்களிலும் ஏறத்தாழ அரைவாசியினரின் குடலில் அது காணப்பட்டமை கருதத்தக்கது. ஒரே அறையில் ஒரு குழந்தையிடமிருந்து மற்றொரு குழந்தைக்கு அது சென்றிருத்தல் வேண்டும். நல்ல கிருமி செல்லும் வழியிலே தீய கிருமியும் செல்லும். பேணுவோர் கைகழுவுதல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஊட்டப்படும் பற்றீரியம் உயிருள்ளது என்பதே இங்கு நுணுகி நோக்கவேண்டியது. வலிய குழந்தையின் குடற்சுவர் அதனை உள்ளே தடுத்துவைக்கும். முதிராத குடற்சுவரைக் கடந்து அது குருதியிற் புகுமாயின், காவலனே கொள்ளையனாவான். அமெரிக்காவில் 1,000 கிராமுக்குக் குறைந்த எடையுடன் பிறந்து இத்தகைய பற்றீரிய மருந்து பெற்ற சிசுவொன்று, அம்மருந்திலிருந்த பற்றீரியத்தினாலேயே குருதித்தொற்றுற்று இறந்தது. இதனையடுத்து அந்நாட்டு உணவு மருந்து நிருவாகம் 2023ஆம் ஆண்டில் வைத்தியர்களை எச்சரித்தது. மறுபுறம், தாய்ப்பாலுண்ணும், 32 வாரத்துக்கு முன் பிறந்த சிசுக்களுக்கு இதனை வழங்குவது பற்றி வைத்தியர் கருதலாம் என உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டிற் கூறியது. இவ்விரு கூற்றுகளும் முரண்போலத் தோன்றினும், தீர்மானம் வைத்தியருக்கே உரியது என்பதில் மாறுபாடில்லை.

வளர்ந்த பிள்ளைகளைப் பொறுத்தவரை சான்று தெளிவாயுள்ளது. நுண்ணுயிர்க்கொல்லியால் வயிற்றோட்டம் உண்டாதல் பற்றி 6,352 பிள்ளைகளிடம் நடைபெற்ற 33 சோதனைகளை ஒன்றுசேர்த்து 2019ஆம் ஆண்டில் ஒரு மதிப்பீடு வெளியாயிற்று. பற்றீரிய மருந்தும் உடன்பெற்றோருள் நூற்றுக்கு 8 பேருக்கும், பெறாதோருள் 19 பேருக்கும் வயிற்றோட்டம் கண்டது. ஆயின் உடல் மிக நலிந்தோர், நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியோர், பெருநாளத்தில் மருந்துக் குழாய் செருகப்பட்டோர் ஆகிய பிள்ளைகளுக்கு இதனால் ஆபத்து விளையக்கூடும் என்றும் அம்மதிப்பீடு எச்சரித்தது. அயல்வீட்டுப் பிள்ளைக்கு உதவிய பொதியை இப்பிள்ளைக்கும் வாங்குதல் தகாது.

மருந்ததிகாரத்தில் வள்ளுவர் நோயாளி, நோய், காலம் என்னும் மூன்றினையும் எண்ணிச் செயற்படுமாறு மருத்துவனை வேண்டுகின்றார். இம்மூன்றுள் காலமே பலராலும் மறக்கப்படுவது. குருதித்தொற்று ஐயுறப்படும் சிசுவுக்கு மருந்தைத் தாமதித்தல் கொலைக்கு ஒப்பாகும். அவ்வாறே, குருதிச் சோதனையிற் கிருமி காணப்படாது, குழந்தையும் தேறியிருப்பின், இரண்டொரு நாளில் அதனை நிறுத்துதலும் வைத்தியரின் கடனாகும். பற்றீரியங்களை மீட்பதற்கு முதல் வழி அவற்றை வீணே அழியாதிருத்தலே. இரண்டாவது வழி தாய்ப்பால். சிசு உறிஞ்ச இயலாதாயின், கறந்த பாலைக் குழாய்வழி ஊட்டுவர். மூன்றாவது, தாயின் மார்போடு தோல்படச் சிசுவை அணைத்து வைக்கும் முறை. இம்முறை மரணத்தையும் தொற்றையும் குறைத்தல் நிறுவப்பட்டுள்ளது.

இல்லத்தார்க்கும் கடமை உண்டு. தடிமனுக்கும் சாதாரண இருமலுக்கும் பெரும்பாலும் காரணமாவன வைரசுகள். அவற்றின்மேல் நுண்ணுயிர்க்கொல்லி செல்லாது. சென்றமுறை எஞ்சிய பாணியை இம்முறை ஊட்டுதலும், சீட்டின்றி மருந்துக் கடையிற் கேட்டு வாங்குதலும் விலக்கத்தக்கன. வைத்தியர் குறித்த நாளளவுக்கு முன்னரே, காய்ச்சல் தணிந்ததென்று தாமாக நிறுத்துதலும் தவறு. பிறந்த சிசுவின் நாவில் தேனோ சர்க்கரை நீரோ தடவுதல் வேண்டா; ஆறு மாதம் வரையில் தாய்ப்பாலே போதும். அப்பருவங் கடந்து உணவுண்ணும் சுகமுள்ள பிள்ளைக்குத் தயிர் நல்லுணவு. ஆயின் அது இழந்த குடற்குடிகள் அனைத்தையும் மீட்கும் மருந்தன்று.

நோயுற்ற பிள்ளையின் பெற்றோர் வைத்தியரிடம் மூன்று வினாக்களைக் கேட்கலாம்: இம்மருந்து எக்கிருமிக்காக? எத்தனை நாளைக்கு? தாய்ப்பாலைத் தொடர்தற்கு யாது செய்யவேண்டும்? இவை வைத்தியரை ஐயுறும் வினாக்கள் அல்ல. அவர் தொழிலுக்குத் துணைநிற்கும் வினாக்களே.