அடுத்த சைஸ் ஷூ எப்போது வரும்?

பாதம் உள்பக்கம் வளைந்து பிறக்கும் குழந்தைக்கு வாரம் ஒரு மாவுக்கட்டு. ஐந்தாறு கட்டுகளில் கால் நேராகிவிடுகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்குக் கடைசிக் கட்டின்போது குதிகால் தசைநாணில் ஒரு சின்ன வெட்டும் தேவைப்படும். பொன்செட்டி முறை எனப்படும் இந்தச் சிகிச்சையின் முதல் பாதி எல்லோருக்கும் தெரிந்தது. பெற்றோரை அலைக்கழிப்பது மறுபாதி.

கட்டைப் பிரித்ததும் பிரேஸ். இரண்டு ஷூக்கள், நடுவில் அவற்றை இணைக்கும் கம்பி. முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம் போட வேண்டும். குளிப்பாட்டும்போது மட்டும் கழற்றலாம். பிறகு நான்கு வயதுவரை தூங்கும் நேரமெல்லாம். விட்டுவிட்டால் பாதம் மறுபடி உள்ளே திரும்பும். திரும்ப மாவுக்கட்டு, சில குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை.

முதல் ஜோடி பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. ஆனால் பிறந்த குழந்தையின் பாதம் முதல் வருடத்தில் மளமளவென்று வளரும்; சில மாதங்களிலேயே ஷூ போதாமல் போகும். விரல்கள் நுனியைத் தாண்டும், குதிகால் உள்ளே உட்காராது, தோல் கொப்பளிக்கும். பிள்ளை ராத்திரி முழுக்க வீறிடும். அம்மா கழற்றிவிடுவாள். மருத்துவமனைச் சீட்டில் ‘பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை’ என்று ஒரு வரி ஏறும். காரணமில்லாமல் கழற்றும் பெற்றோரும் உண்டு என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள், இருக்கலாம். சைஸ் போதாத ஷூவை மாட்டிக்கொண்டு அழும் பிள்ளையை எந்தத் தாய் பார்த்துக்கொண்டிருப்பாள்?

அடுத்த சைஸ் வேண்டுமென்றால் வாரத்தில் அதற்கென உள்ள நாளில் நகரத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். மலைக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் கூலியை இழந்து போனால், அந்த சைஸ் இல்லை, அடுத்த வாரம் வாங்க என்பார்கள். அந்த ஒரு வாரம் கால் வெறுங்காலாகவே இருக்கும். வார் அறுந்தாலும் இதே அலைச்சல்தான். ஊரில் எந்தச் செருப்புக் கடையிலும் இந்த ஷூ விற்பதில்லை.

விலையைக் காரணமாகச் சொல்ல முடியாது. உள்ளூர்த் தோலையும் சாதாரண இரும்பையும் வைத்து உகாண்டாவில் உருவான ஸ்டீன்பீக் பிரேஸ் இந்தியாவிலும் பயன்பாட்டில் இருக்கிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வெளிநாட்டுக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்பும் மாநிலம் இது. நம் குழந்தைகளின் காலுக்குத் தைக்க ஆளில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. சரியான சைஸ் சரியான வாரத்தில் அந்த வீட்டை எட்டுவதில்லை என்பதே என் கவலை.

2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் பட்டியலில் வளைந்த பாதமும் இருக்கிறது. கண்டுபிடிக்க வழி செய்தாயிற்று. புதன்கிழமை தடுப்பூசிக்கு வரும் பிள்ளையின் பாதத்தைக் கிராம சுகாதார செவிலியர் ஒரு அளவுகோலால் அளந்து எழுதினால் போதும். அடுத்த சைஸ் ஷூ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே வந்துவிடலாம். தடுப்பூசி மருந்து குளிர் குறையாமல் கிராமம்வரை வந்து சேரும்போது ஒரு ஜோடி ஷூ வர முடியாதா?

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விரல் நுனி ஷூவின் விளிம்பைத் தொடத் தொடங்கியதுமே அடுத்த சைஸைக் கேளுங்கள், கொப்பளம் வரும்வரை காத்திருக்காதீர்கள். சிறிதாகிப்போன ஷூவைப் பரணில் போடாமல் மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுங்கள். அந்த சைஸுக்காக இன்னொரு குழந்தை அங்கே காத்திருக்கும்.