ஓரத்தை வெட்டினால் அசல் போலியாகிவிடுமா? ஒரு பேஸ்போல் அட்டையின் கதை

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் காகித அட்டை அது. அகலம் ஏறத்தாழ 3.7 சென்ரிமீற்றர், உயரம் 6.7 சென்ரிமீற்றர். அதன் ஓரத்தை யாராவது வெட்டினார்களா என்ற கேள்வி அமெரிக்கச் சேகரிப்பாளர்களிடையே நீண்டகாலம் சர்ச்சையாக இருந்து, கடைசியில் நீதிமன்றம் வரை சென்றது.

1909 முதல் 1911 வரை, அமெரிக்கன் டொபாக்கோ கம்பனி தனது சிகரெட் பெட்டிகளுக்குள் பேஸ்போல் வீரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளை வைத்து விற்றது. சேகரிப்பாளர்கள் இந்தத் தொகுதியை 'ரி-206' என்று அழைக்கிறார்கள். பிட்ஸ்பேர்க் பைரேட்ஸ் அணியின் நட்சத்திர வீரரான ஹோனஸ் வாக்னரின் அட்டையும் இதில் இருந்தது. ஆனால் அவருடைய அட்டை அச்சாவது விரைவிலேயே நிறுத்தப்பட்டது. சிறுவர்கள் அட்டைக்காகப் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பது ஒரு விளக்கம். தனக்குப் பணம் தரப்படாததால் மறுத்தார் என்பது இன்னொன்று. எப்படியிருந்தாலும், இன்று எஞ்சியிருப்பவை சில டசின் பிரதிகளே.

அவற்றில் ஒன்று மற்றவற்றைவிட வியக்கத்தக்க அளவு புதிதாகத் தெரிந்தது. மூலைகள் கூராக இருந்தன. ஓரங்கள் நேராக இருந்தன. 1991இல் ஐஸ் ஹொக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவரது பங்காளி ஒருவரும் அதை 451,000 டொலருக்கு ஏலத்தில் வாங்கினர். அப்போது புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த பி.எஸ்.ஏ. என்ற தரப்படுத்தும் நிறுவனம் தனது முதலாவது இலக்கத்தை அந்த அட்டைக்கே வழங்கி, பத்துக்கு எட்டு என்று தரமிட்டது. கைமாறிக் கைமாறி, 2007இல் அதன் விலை 2.8 மில்லியன் டொலரை எட்டியது.

தொடக்கத்திலிருந்தே சந்தேகம் இருந்தது. 2013இல் விடை வந்தது. அந்த அட்டையை 1980களில் வாங்கி விற்ற ஏல வணிகர் பில் மாஸ்ட்ரோ, அதன் பக்க ஓரங்களைத் தானே வெட்டியதாக ஒப்புக்கொண்டார். தனது ஏலங்களில் செய்த மோசடிக்காகக் குற்றத்தை ஏற்றுக்கொண்ட வழக்கிலேயே இதுவும் வெளிவந்தது. 2015இல் அவருக்கு 20 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

ஏன் வெட்டுகிறார்கள்? நூறு வருடங்களில் பல கைகள் பட்ட அட்டையின் மூலைகள் மழுங்கும், ஓரங்கள் நைந்துபோகும். ஒரு மில்லிமீற்றரிலும் குறைவாக வெட்டினாலே கூர்மையான புதிய மூலை கிடைத்துவிடும். படம் நடுவில் இல்லையென்றால் அகலமான பக்கத்தைக் குறைத்து நடுவுக்குக் கொண்டுவரலாம். தரம் ஒரு படி உயர்ந்தால் விலை பல மடங்காகும்.

கண்டுபிடிப்பது எளிதல்ல. முதலில் அளந்து பார்ப்பார்கள். ஆனால் அக்காலத் தொழிற்சாலைகளே எல்லா அட்டைகளையும் ஒரே அளவில் வெட்டவில்லை. அளவு சற்றுப் பெரிதாக வெளிவந்த அட்டையை ஒருவர் பின்னர் நறுக்கினால், அளவு சரியாகவே இருக்கும். எனவே உருப்பெருக்கியால் ஓரத்தை ஆராய்கிறார்கள். பழைய ஓரத்தில் காகித நார்கள் தேய்ந்து, நிறம் மங்கியிருக்கும். புதிதாக வெட்டிய ஓரம், அட்டையின் மற்றப் பகுதிகளின் வயதோடு ஒத்துப்போகாது.

இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'இது அசலா?' என்பது ஒன்று. 'இது சொல்லப்படும் நிலையில்தான் இருக்கிறதா?' என்பது மற்றொன்று. வெட்டப்பட்ட வாக்னர் அட்டை போலியல்ல. நூறாண்டுக்கு முன் அச்சான அதே காகிதம்தான், அதே மைதான். ஆனால் 'இத்தனை காலமும் சேதமில்லாமல் தப்பியது' என்று அது சொல்லும் கதை பொய். நனைந்து கிழிந்த காணி உறுதியும் உறுதிதான். அதில் யாரோ திருத்தம் செய்து, திருத்தவில்லை என்று சொன்னால்தான் பிரச்சினை. அதனால்தான் வெட்டப்பட்டது என்று தெரியவரும் அட்டைக்கு தரப்படுத்தும் நிறுவனங்கள் வழமையாக எண் தருவதில்லை. 'அசல், மாற்றப்பட்டது' என்ற வகையில் மட்டும் குறிப்பிடுகின்றன.

எல்லா வெட்டும் குற்றமல்ல. 1960களின் தொடக்கத்தில் போஸ்ட் நிறுவனத்தின் தானிய உணவுப் பெட்டிகளின் பின்புறத்தில் அச்சான அட்டைகளை, வாங்கியவர்களே கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க வேண்டும். அங்கே வெட்டுவது ஏமாற்று அல்ல, அட்டை உருவாகும் விதமே அதுதான். பழுதுபார்த்ததை வெளிப்படையாகச் சொல்லி விற்பதிலும் தவறில்லை. பிழை, செய்ததை மறைத்து அதற்கும் சேர்த்து விலை வாங்குவதில் இருக்கிறது.

2021இல் பத்துக்கு மூன்று மட்டுமே பெற்ற, தேய்ந்த வாக்னர் அட்டையொன்று 6.6 மில்லியன் டொலருக்கு விற்பனையானது. அடுத்த ஆண்டு, பத்துக்கு இரண்டு பெற்ற இன்னொன்று 7.25 மில்லியனுக்குப் போனது. சந்தை விலைகள் பொதுவாகவே ஏறிய காலம் அது என்பதால், விலைகளை நேராக ஒப்பிட முடியாது. ஆனால் ஒன்று தெளிவு: மூலை மழுங்கியதால் பழைய பொருளின் மதிப்பு போய்விடுவதில்லை. அந்தத் தேய்மானமும் அது கடந்துவந்த காலத்தின் சாட்சிதான். அதை வெட்டி எறிந்தவர், அட்டையின் வரலாற்றில் ஒரு பகுதியையும் சேர்த்தே வெட்டி எறிந்தார்.