வானகரமும் வாக்குப் பெட்டியும்

செய்தித்தாள் படிப்போருக்கு வானகரம் என்றவுடன் நினைவுக்கு வருவது ஒரு திருமண மண்டபம். 2016 டிசம்பர் 29 அன்று அ.இ.அ.தி.மு.க. பொதுக்குழு அங்கேதான் கூடிச் சசிகலாவைப் பொதுச்செயலாளர் ஆக்கியது. 2017 செப்டம்பர் 12 அன்று அதே இடத்தில் கூடி அந்த நியமனத்தை நீக்கியது. 2022 ஜூலை 11 அன்று எடப்பாடி பழனிசாமி இடைக்காலப் பொதுச்செயலாளர் ஆனதும், ஓ. பன்னீர்செல்வம் நீக்கப்பட்டதும் அங்கேதான். ஆகவே வானகரம் அந்தக் கட்சியின் கோட்டை என்று வெளியூர் நண்பர்கள் சிலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். மண்டபம் வேறு, ஊர் வேறு. பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்தில், ஆயிரக்கணக்கான வாகனங்கள் வந்து நிற்க வசதி இருப்பதால் பொதுக்குழு அங்கு கூடுகிறது. ஊர்மக்களின் வாக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அப்படியானால் வானகரம் எப்படி வாக்களிக்கிறது? 2008இல் தொகுதிகள் மறுவரையறை செய்யப்பட்டபோது மதுரவாயல் சட்டமன்றத் தொகுதி புதிதாகத் தோன்றியது. வானகரம், அடையாளம்பட்டு ஆகிய ஊர்கள் அதில் சேர்ந்தன. 2011இல் அ.இ.அ.தி.மு.க. கூட்டணியில் நின்ற மார்க்சிஸ்ட் கட்சியின் பீம்ராவ் வென்றார். 2016இல் அ.இ.அ.தி.மு.க.வின் பெஞ்சமின், 2021இல் தி.மு.க.வின் கணபதி. நாடாளுமன்றத்துக்கு ஸ்ரீபெரும்புதூர் தொகுதி: 2009இல் டி.ஆர். பாலு, 2014இல் கே.என். இராமச்சந்திரன், 2019இலும் 2024இலும் மீண்டும் பாலு. இந்த வரிசையை மாநில முடிவுகளுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். மாநிலத்தில் எந்த அணி முன்னணியில் வந்ததோ, ஒவ்வொரு முறையும் அதே அணி இங்கும் வென்றிருக்கிறது. கோட்டை என்பதைவிடக் காற்றாடி என்பதே பொருந்தும்.

காரணம் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை தென்மாவட்டத்தாரையும் வடமாவட்டத்தாரையும் ஒரே தெருவில் குடிவைத்தது. பின்னர் புறவழிச்சாலை, மருத்துவமனை, மீன் சந்தை, அடுக்கு வீடுகள் என ஒவ்வொன்றும் புதிய மக்களைக் கொண்டுவந்தன. ஒரு சாதியோ ஒரு தொழிலோ தனித்து முடிவை நிர்ணயிக்கும் நிலை இல்லை. பல ஊர்க்காரர் கலந்த இடத்தில், பல ஊர்களின் சராசரி தெரிவதில் வியப்பென்ன?

ஆனால் ஊராட்சித் தேர்தல் வந்துவிட்டால் கதையே மாறும். 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் வாக்காளர் கையில் நான்கு நிறச் சீட்டுகள் கொடுத்தனர். வார்டு உறுப்பினருக்கும் தலைவருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் உண்டு. ஒரே மனிதர் பச்சைச் சீட்டில் கட்சியைப் பார்க்கிறார். இளஞ்சிவப்புச் சீட்டில் 'மழைக்காலத்தில் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைத்தது யார்' என்று பார்க்கிறார். மாமன் மச்சான் உறவும் அங்கே பேசும். இதைக் கொள்கையற்ற தன்மை என்று அரசியல் பேசும் நம் மாணவர் சிலர் ஏளனம் செய்வதுண்டு. நான் ஒப்பமாட்டேன். கூவம் கரைபுரண்டு வரும் நாளில் கதவைத் தட்ட வேண்டியது ஊராட்சித் தலைவரின் வீட்டுக் கதவைத்தானே!

அந்தக் கதவும் எப்போதும் இருப்பதில்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் மூன்றாண்டுக்கு மேல் தலைவரே இல்லை, தனி அலுவலர்தான். 2020இல் வந்த தலைவர்களின் காலமும் 2025 ஜனவரியில் முடிய, மீண்டும் தனி அலுவலர். பக்கத்து மதுரவாயலும் நெற்குன்றமும் 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்துவிட்டன. அப்போது வானகரம் ஊராட்சியாகவே நின்றது.

இன்னொரு செய்தியும் அறியத்தக்கது. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணும் முறை இருந்தது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுதும் இயந்திரம் வந்தது முதல் ஒவ்வொரு சாவடியின் கணக்கும் தனியே தெரிகிறது. ஒரு சாவடி என்பது ஆயிரத்துச் சொச்சம் பேர், அதாவது நாலைந்து தெரு. தனி மனிதரின் வாக்கு இரகசியம். தெருவின் வாக்கு இரகசியம் அன்று. வென்றவரும் தோற்றவரும் அந்தத் தாளைக் கையில் வைத்திருப்பர். எந்தத் தெருவுக்கு முதலில் சாக்கடை, எந்தத் தெருவுக்குக் கடைசியில் என்பதில் அது புகுந்துவிடுமோ என்ற அச்சம் பொய்யானதன்று. எல்லா இயந்திரங்களையும் சேர்த்து எண்ணும் கருவி பற்றிய யோசனை பலமுறை எழுந்தும் நடைமுறைக்கு வரவில்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். 2025 நவம்பர் 4 அன்று தமிழகத்தில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலிலிருந்து 97 இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் நீங்கின. மிகப் பலரைக் 'குடிபெயர்ந்தோர்' என்று காட்டினர். வாடகை வீட்டில் ஆண்டுக்கொரு முறை முகவரி மாறும் புறநகருக்கு இது நேராக வந்து விழும் அடி. வாக்குரிமை வயது 21லிருந்து 18 ஆனது 61ஆம் சட்டத்திருத்தத்தால். அது 1989இல் நடைமுறைக்கு வந்தது. அப்படிக் கிடைத்த உரிமையை, முகவரி மாறிய ஒரே காரணத்தால் நம் வகுப்புத் தோழர் இழப்பதா?

'சொந்த வீடு இருந்தால்தான் பெயர் சேர்ப்பார்கள்' என்ற பேச்சு மாணவரிடையே உலவுகிறது. அது தவறு. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி, ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருப்பதால் மட்டும் ஒருவர் அவ்விடத்தில் வழக்கமாக வசிப்பவர் ஆகிவிடமாட்டார். கணக்கில் வருவது குடியிருப்பு. குடியிருப்பவருக்குப் படிவம் 6 போதும். விடுதி மாணவர், கல்லூரித் தலைவரின் சான்றுடன் விடுதி முகவரியில் பதியலாம். வேண்டுமானால் பெற்றோர் ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம். இரண்டு இடத்திலும் கூடாது.