28½ சக்கரமும் ரூபாயில் பத்தில் ஒன்றும்

நாஞ்சில் நாடு திருவிதாங்கூரில் இருந்த காலத்து வாய்ப்பாடு இது: 16 காசு 1 சக்கரம், 4 சக்கரம் 1 பணம், 7 பணம் 1 ரூபாய். ஆக, திருவிதாங்கூர் ரூபாய் 28 சக்கரம், 448 காசு. பிரிட்டிஷ் இந்திய ரூபாயோ 28½ சக்கரம், 456 காசு. வித்தியாசம் 8 காசு, ஏறத்தாழ 1.8 சதவீதம்.

456 காசை 16 அணாவுக்குப் பகிர்ந்தால் அணாவுக்கு 28½ காசு. மன்னர் சித்திரைத் திருநாள் காலத்தில் 1 காசுதான் மிகச் சிறிய நாணயம். அரைக் காசுக்கு நாணயம் கிடையாது. எல்லையான ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே, பிரிட்டிஷ் இந்தியாவில் வழங்கிய 1 அணாவைக் காசாகச் சரிக்குச் சரி மாற்ற வழியில்லை. 2 அணா என்றால் கணக்கு முழுமையாகும்: 57 காசு, அதாவது 3 சக்கரம் 9 காசு. 1 அணாவை மாற்றும்போது மிச்ச அரைக் காசு யாருக்குப் போனது என்பதைக் கடைக்காரரிடம்தான் கேட்டிருக்க வேண்டும்.

பழைய வெள்ளிச் சக்கரத்தின் எடை ½ கிராமுக்கும் குறைவு. அதை விரலால் எண்ணுவது சிரமம் என்பதால் குழி போட்ட மரப்பலகை இருந்தது. சக்கரங்களை அதில் கொட்டி அசைப்பார்கள்; குழிக்கு ஒன்றாக நிரம்பியதும் மீதியைத் தள்ளிவிடுவார்கள். குழிகளின் எண்ணிக்கையே தொகை. பிற்காலச் சக்கரம் செம்பு கலந்த பெரிய வட்டம். ஒரு பக்கம் மன்னர் முகம், மறுபக்கம் சங்கு.

டாலரில் பத்தில் ஒன்றான அமெரிக்காவின் டைம் நாணயத்துக்குப் பலகை வேண்டாம், தராசு போதும். எடை 2.268 கிராம், கால் டாலர் 5.670 கிராம். மதிப்பு விகிதம் 2.5, எடை விகிதமும் 2.5. 1,000 டைமும் 400 கால் டாலரும் தலா 100 டாலர், தலா 2.268 கிலோ. 1965க்கு முன் டைமின் எடை 2.5 கிராம், அதில் வெள்ளி 90 சதவீதம், அதாவது 2.25 கிராம். இப்போது வெள்ளி 0, செம்பு 91.67, நிக்கல் 8.33 சதவீதம். விட்டம் 17.91 மில்லிமீட்டர், 19.05 மில்லிமீட்டர் உள்ள 1 சென்ட்டைவிடச் சிறியது. விளிம்பில் 118 கோடுகள். 1946இல் வந்த ரூஸ்வெல்ட் வடிவத்தில் 10 என்ற எண்ணே இல்லை.

பிரிட்டிஷ் ரூபாயில் பத்தில் ஒன்று திருவிதாங்கூர்க் கணக்கில் 45.6 காசு. அந்த மதிப்புக்கு நாணயம் இல்லை. 64 காசான பணம் பிரிட்டிஷ் ரூபாயில் 14 சதவீதம். நாஞ்சில் நாட்டை உள்ளடக்கிய அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. 151 நாள் கழித்து, 1957 ஏப்ரல் 1 அன்று, 10 நயா பைசா வந்தது. ரூபாயின் பத்தில் ஒரு பாகம் என்று அதன் மீதே இந்தியில் பொறித்திருந்தது.

ஆனால் தராசு இங்கே பயன்படாது. 10 நயா பைசாவும் 5 கிராம், 50 நயா பைசாவும் 5 கிராம். 100 ரூபாயைப் பத்துப் பைசாவாக அடுக்கினால் 5 கிலோ, ஐம்பது பைசாவாக அடுக்கினால் 1 கிலோ. அடையாளம் எடையில் இல்லை, வடிவத்தில்: 10 பைசாவுக்கு 8 வளைவுள்ள விளிம்பு, 5 பைசாவுக்குச் சதுரம். கடைசியாக வந்த எவர்சில்வர் 10 பைசா வெறும் வட்டம். 2 கிராம், 16 மில்லிமீட்டர். 1957ஆம் ஆண்டு நாணயத்தைவிட எடை 60 சதவீதம் குறைவு. 2011 ஜூன் 30 முதல் 25 பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் செல்லாதவை.